காற்று வந்த பக்கம்

டவுன் வரப்போகிறது என்று எல்லோரும் குஷியாக இருந்த அன்றைக்கு, டவுன் வரவே கூடாது என்று மாதாவைக் கும்பிட்டுக்கொண்டே நடந்தவள் நான் ஒருத்திதான்.

ஜவ்வாது மலையை ஒரு ஓரத்தில் ஏறி மறு ஓரத்தில் இறங்குவதாகத் திட்டம். நடுவில், மலைமேலேயே, ஒரு சின்ன டவுன் இருக்கிறது. அங்கே ஒரு ராத்திரி தங்கி, குளித்து, துணி அலசி, போனுக்குச் சார்ஜ் போட்டு, தீர்ந்துபோன பிஸ்கட்டும் கடலை மிட்டாயும் வாங்கிக்கொண்டு மறுபடி நடக்க வேண்டும். மூன்றாம் நாள் காலையில் கூடாரத்தைச் சுருட்டும்போதே பேச்சு தொடங்கிவிட்டது. ஒருவருக்குப் பரோட்டா சால்னா வேண்டும், ஒருவருக்கு வெந்நீர் வேண்டும், ஒருவருக்கு நிஜமான தலையணை வேண்டும். எனக்கு மட்டும் அந்த டவுனின் நுழைவாயில் கண்முன்னால் வந்து நின்றது. முந்தின வருஷம் பஸ்ஸில் வந்து பார்த்த ஊர்தான். மலைத்தடம் முடிந்து தார்ரோடு தொடங்குகிற வளைவில், ஊருக்குள் போகும் யாராக இருந்தாலும் தாண்டித்தான் ஆகவேண்டிய இடத்தில், ஒயின்ஷாப் இருக்கிறது.

கூட வந்திருந்தது என் அண்ணன்.

அண்ணன் காசிமேட்டில் ஸ்ராங்கு. விசைப்படகின் வீலைப் பிடிப்பவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சித்திரை வைகாசியில் மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று ரெண்டு மாதம் படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. தடைக்காலம். கடல்காரனை ரெண்டு மாதம் கரையில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டாலும் சொல்வார்கள். முதல் வாரம் படகுக்குப் பெயின்ட் அடிப்பான், வலை கிழிசலைத் தைப்பான். அடுத்த வாரம் கேரம்போர்டு. அதற்கப்புறம் குடி. என் அண்ணன் இந்த வரிசையைக்கூட ஒழுங்காகக் கடைப்பிடிக்காதவன், நேராகக் கடைசிக்குப் போய்விடுவான்.

ஆனால் இந்தத் தடைக்காலத்தில் அவன் ஒரு சொட்டுத் தொடவில்லை. காரணம் இருந்தது.

தடை தொடங்குவதற்கு முந்தின தங்கலில், அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போன பயணத்தில், நடுக்கடலில் இஞ்சின் நின்றுவிட்டது. அப்படி நின்றால் கடலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கழியில் துணியைக் கட்டி உயரத் தூக்கிக் காட்டுவார்கள். அதைப் பார்த்த படகு யாருடையதாக இருந்தாலும், பகையாளியுடையதாகவே இருந்தாலும், வலையை வாரிப் போட்டுவிட்டு வந்து, கயிறு கட்டி, கரை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து சேர்க்க வேண்டும். அந்தப் படகுக்கு அன்றைய மீன்பாடு போச்சு. அதனால் துணி காட்டுவது ஸ்ராங்குக்கு மானக்கேடு. ‘அவன் போட்டை இஸ்துகினு வந்தாங்க’ என்று டீக்கடையில் ஒரு வாரத்துக்கு ஓடும். அண்ணன் துணி காட்டவில்லை. நானே சரி பண்ணுகிறேன் என்று இஞ்சினைக் குடைந்துகொண்டு கிடந்தான். நல்ல போதை வேறு. பக்கத்திலேயே படகுகள் வந்து வந்து போயின. குடிதண்ணீர் தீர்ந்துபோய், கூட இருந்தவர்களில் மூத்தவர் பொறுக்க முடியாமல் தன் லுங்கியை அவிழ்த்துக் கழியில் கட்டித் தூக்கிய பிறகுதான் வேறு படகு வந்து இழுத்தது.

படகின் ஓனரும் ஒரு காலத்தில் ஸ்ராங்காக இருந்தவர். பஞ்சாயத்துக்கு நானும் அண்ணியும் போயிருந்தோம். அவர் சத்தம் போடவில்லை.

“குடிக்காத ஸ்ராங்கை நான் எங்க போயி தேடுவேன்? அத்த வுடு. துணி காட்டாதவன் கைல ஏயு உசுரைக் குடுத்துட்டு நான் வூட்ல எப்டி தூங்குறது? தடை முடியட்டும், பாத்துக்கலாம்” என்றார்.

நாங்கள் அத்தனை பேரும் அதிலிருந்து எடுத்துக்கொண்டது குடியை மட்டும்தான். குடியை விட்டால் வீல் கிடைக்கும். வீல் கிடைக்காவிட்டால் நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று அண்ணி சொல்லிவிட்டாள். அவள் சும்மா மிரட்டுகிறவள் இல்லை.

குடியை விட்டவன் உட்காருவதையும் விட்டுவிட்டான். காசிமேட்டிலிருந்து காலடிப்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு நடந்தே வருவான். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும், அதன் ஓரமாகவே புழுதியைத் தின்றுகொண்டு வருவான். வாசலில் நின்றபடி டீ குடிப்பான். “உள்ள வந்து குந்துண்ணா” என்றால் “இல்ல பாப்பா, வேல கீது” என்பான். என்ன வேலை, திரும்பி நடக்கிற வேலை. சாயங்காலம் மறுபடி வருவான். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் காலில் சக்கரம் கட்டியவள்தான், கன்டெய்னர் யார்டு ஆபீஸில் லீவு கிடைத்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஓடுகிறவள்தான். ஆனாலும் ஒரு மனுஷன் என் வாசலுக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் இப்படி அலைவதை எத்தனை நாள் பார்ப்பது. “நடக்கறதுதான நடக்கற, மலைல வந்து நட” என்று சொன்னேன். வரமாட்டான் என்று நினைத்துத்தான் சொன்னேன். வந்துவிட்டான்.

வழி காட்டும் மலைக்காரரைத் தவிர, மலையில் எங்களோடு இன்னும் மூன்று பேர். பேங்கில் வேலை பார்க்கும் ஒருவர், நாங்கள் லீடர் என்று கூப்பிடுவோம், எதற்கும் பதறாதவர். வேளச்சேரியிலிருந்து வந்த இளம் கணவனும் மனைவியும். முதல் ரெண்டு நாளும் அண்ணன் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தான். மற்றவர்கள் பையை இறக்கி மூச்சு வாங்கும்போது அவன் பையோடு நின்று அடுத்த மேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். மலை அவனுக்குப் பிடித்திருந்ததா என்றால் தெரியாது. நிற்காமல் நடக்க யாரும் குறை சொல்லாத ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் நான் என்னால் முடிந்த அளவு எல்லோரையும் தாமதப்படுத்தினேன். ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். காலில் கல் குத்துகிறது என்றேன். ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்து, இதைவிட நல்ல நிழல் டவுனில் கிடைக்குமா என்று ஒரு பேச்சை ஆரம்பித்து, அதை யாரும் வளர்க்காததால் நானே வளர்த்தேன். இருட்டிவிட்டால் வழியில் கூடாரம் போட வேண்டியதுதான். அப்படியானால் இன்றைக்கு ஒரு ராத்திரி தப்பும். நாளைக்கு என்ன என்று யோசிக்கவில்லை. குடிகாரன் வீட்டில் இருப்பவர்கள் யாருமே நாளைக்கு என்ன என்று யோசிப்பதில்லை, இன்றைக்கு ராத்திரியைத் தாண்டினால் போதும் என்றுதான் இருப்போம்.

அண்ணன் என்னைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தான். “கால்ல கல்லு, லேஸு, தண்ணி… இன்னா பாப்பா ஒனக்கு?” என்றான்.

“ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லன்னா நட.”

மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும், வழி காட்டிக்கொண்டு வந்த மலைக்காரர் விடைபெற்றுக்கொண்டார். அவர் ஊரில் அவர் கொழுந்தியாள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம், அவர் இல்லாமல் நடக்காதாம். “இந்த மேட்டுமேல தடம் ரெண்டாப் பிரியும். கிழக்கால போறதைப் பிடிச்சிக்கங்க, ஊருல கொண்டுபோய் வுடும்” என்று சொல்லிவிட்டு மரங்களுக்குள் போய்விட்டார்.

மேட்டுக்கு மேல் போனால் தடம் ரெண்டாகப் பிரிந்தது. அதில் சந்தேகமில்லை. எது கிழக்கு என்பதில்தான் சந்தேகம். மத்தியானத்துக்கு மேல் மழை மேகம் கட்டியிருந்தது, வானம் முழுக்க ஒரே சாம்பல், சூரியன் எந்தப் பக்கம் என்று ஒரு அடையாளமும் இல்லை. எங்கள் போன்கள் எல்லாம் முந்தின நாளே படுத்துவிட்டன. மிச்சம் உயிரோடு இருந்த லீடரின் போன், காலையில் ஓர் அருவியை அவர் விதவிதமாக வீடியோ எடுத்ததில் செத்துப்போயிருந்தது. அவர் பதறாமல் அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்போது அண்ணன் பையை இறக்கினான். மூன்று நாளில் அவனாக இறக்கியது அதுதான் முதல் தடவை. மேட்டின் நடுவில் போய் நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். நல்ல காற்று. வலது கைத் தடத்தின் பக்கமிருந்து, பள்ளத்திலிருந்து ஏறி வந்து முகத்தில் அடித்தது.

“இதான் கெயக்கு” என்றான்.

“எப்படி பிரதர் சொல்றீங்க?” என்று லீடர் கேட்டார்.

“மதியத்துக்கு மேல காத்து எங்கேர்ந்து வரும் சார்? கடல்லேர்ந்து தான வரும். கடலு எங்க கீது? கெயக்கால கீது. மூஞ்சில அடிக்குது பாருங்க.”

இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும். லீடர் தலையாட்டினார். வேளச்சேரிப் பெண் அண்ணனைப் பார்த்து, “கேப்டன் சொன்னா சரிதான்” என்றாள். எனக்கும் துளி சந்தேகம் வரவில்லை. எங்கள் வீட்டில் பிறந்த யாருக்கும் வராது. பகலில் ஒரு மணி ரெண்டு மணிக்கு மேல் ராயபுரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் காற்று கடலிலிருந்துதான் வரும். ஜன்னலைத் திறந்தால் கிழக்கு, கொடியில் துணி பறந்தால் மேற்கே பறக்கும். அது காற்று செய்கிற வேலை என்று எனக்குத் தோன்றியதே இல்லை, உலகம் அப்படித்தான் இருக்கும் என்று இருந்தேன். வேளச்சேரிக்காரர்கள் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். அவர்கள் காசு சுண்டிப் பார்த்திருப்பார்கள், பாதிக்குப் பாதி சரியாக வந்திருக்கும்.

வலது கைத் தடத்தில் இறங்கினோம். மறக்க முடியாத ஒரு மணி நேரம் அது. காற்று எதிரே வந்துகொண்டே இருந்தது, அண்ணன் அதற்குள் முகத்தைக் கொடுத்துக்கொண்டு இறங்கினான். அவன் நடை மாறிவிட்டது. விரட்டுகிற மாதிரி நடந்தவன் நிதானமாக, பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து நடந்தான். பேசவும் ஆரம்பித்தான். வாடைக் காற்று வந்தால் என்ன மீன், கொண்டல் அடித்தால் வலையை எந்தப் பக்கம் விடுவது, கச்சான் திரும்பினால் ஏன் பயப்பட வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டே போனான். அவள் கேள்விமேல் கேள்வி கேட்டாள். வழுக்குகிற இடத்தில் நின்று லீடருக்குக் கை கொடுத்தான். “சார், வலது கால் முன்னால, அவசரம் வேணாம், நானு கீறேன்ல” என்றான். இந்த ஆளைப் பார்த்து ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. இவன் டவுனுக்குப் போனாலும் பரவாயில்லை, இவன் அந்தக் கடையைத் தாண்டிவிடுவான் என்றுகூட நினைத்தேன். லேஸ் கட்டுவதை நிறுத்திவிட்டு நானும் வேகமாக இறங்கினேன்.

அப்புறம் மேகம் விலகியது.

ஒரு பாறை வளைவைச் சுற்றி வெளியே வந்தோம். எதிரே பள்ளம் முழுக்க வெளிச்சம். மேகத்துக்கு அடியில் ஒரு கிழிசல் வழியாகச் சூரியன் எட்டிப் பார்த்தது. எங்கள் முகத்துக்கு நேரே. சாயங்காலச் சூரியன்.

அண்ணன்தான் முதலில் நின்றான். சொல்வதற்கு என்ன இருக்கிறது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும் சாயங்காலம் சூரியன் எந்தப் பக்கம் என்று. இத்தனை நேரம் மேற்கே பார்த்து இறங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். மலைக்கு வேறு காற்று. பகலெல்லாம் காய்ந்த சரிவில், எந்தப் பள்ளத்திலிருந்து வேண்டுமானாலும் அது ஏறி வரும். கடலைக் கேட்டுக்கொண்டு வராது.

“பரவாயில்ல பிரதர், இப்பவாவது தெரிஞ்சுதே” என்றார் லீடர். நிஜமாகவே பரவாயில்லை என்கிற குரலில்தான் சொன்னார். அந்தப் பெண்ணின் கணவன் மட்டும் “கேப்டன் நம்மள கேரளாவுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பார்” என்றான். கேலிதான், அதில் விஷம் இல்லை. அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். இழுத்துக்கொண்டு வரப்பட்ட படகிலிருந்து வார்ப்பில், துறைமுக மேடையில், கால் வைத்தபோது வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்துக்கு அவன் காட்டிய அதே சிரிப்பு.

இறங்கியதை எல்லாம் ஏற வேண்டியிருந்தது. இப்போது காற்று முதுகில் தள்ளியது, அது ஒன்றுதான் லாபம். அண்ணன் கடைசி ஆளாக வந்தான். நான் வேண்டுமென்றே பின்தங்கி அவனோடு சேர்ந்துகொண்டேன். எனக்குத்தான் அமைதி ஒத்துக்கொள்ளாதே.

“கடலுக்குப் போடற கணக்க மலைல போட்டா இப்டிதாண்ணா ஆவும். நானும்தான் நம்பினேன்” என்றேன்.

“ஒன்ன நம்பி யாரும் போட்ல ஏறப்போறதில்ல.”

இன்னும் கொஞ்சம் ஏறினோம். அவனே பேசினான்.

“போன தங்கல்ல அப்டி ஆச்சே, குடிச்சதாலதான்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்டிதான் நெனச்சேன். குடிய வுட்டா நானு சரியாய்டுவேன்னு. அத்த நெனச்சிகினுதான் இத்தினி நாளு ஓட்னேன்.” மூச்சு வாங்க நின்றான். “இன்னிக்கி இன்னா குடிச்சேன் சொல்லு. பச்சத்தண்ணி. புத்தி தெளிவாதான் கீது. தெளிவா நின்னு, நாலு பேர இட்டுகினு போயி பள்ளத்துல வுட்டேன். குடிச்சிருந்தா பழிய அதும்மேல போட்டுட்டு போயிருப்பேன். இப்ப யாரும்மேல போடறது?”

“ஒரு வழி தப்பினதுக்கு இத்தினி பேச்சா” என்று எரிந்து விழுந்தேன். பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும். அண்ணியிடம் என்றால் இன்னும் மோசமாக வரும்.

குடிக்கிறவன் சோகத்தில் குடிப்பான், சந்தோஷத்தில் குடிப்பான், அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். குடியை விட்டும் பிரயோஜனம் இல்லை என்று நினைத்துவிட்டவன் எதற்காக அந்தக் கடையைத் தாண்டிப் போவான்? காலையில் எனக்கு இருந்த பயம் வெறும் பயம். இது வேறு.

பிரிவுக்கு வந்து இடது கைத் தடத்தில் இறங்கியபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. இந்தத் தடம் நல்ல தடம். உழுது போட்ட கொல்லைகள், ரெண்டு மூன்று வீடுகள், கட்டிப் போட்ட ஆடுகள். ஒரு வீட்டு வாசலில் இருந்த அம்மா, ஊருக்கு இதே வழிதான், இருட்டுக்குள்ள போய்டலாம் என்றார். எல்லோருக்கும் புது வேகம் வந்துவிட்டது. இனி நான் கல் குத்துகிறது என்றால் யாரும் நிற்கப்போவதில்லை. தலைக்குள் வழிகளைத் தேடினேன். அவன் கையைப் பிடித்துக்கொள்ளலாமா. லீடரிடம் சொல்லி அவனை நடுவில் விட்டு நடக்கலாமா. மயக்கம் வருகிறது என்று கடை வாசலில் நான் விழுந்துவிடலாமா. அந்தக் கடைசி யோசனையை எங்கே விழுவது என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தேன்.

ஊர் வெளிச்சம் மரங்களுக்கு நடுவில் தெரிந்தபோது அண்ணன் என்னைக் கூப்பிட்டான்.

“பாப்பா, நீ முன்னால போ. காலைலேர்ந்து என் முதுகையே பாத்துகினு வர. அது பேஜாரா கீது எனுக்கு.”

“நானு எங்க பாத்தேன்?”

“போன்னா போயேன்.”

போனேன். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால்தான் அவ்வளவு வலித்தது. தடம் முடிந்து தார்ரோடு வந்தது. வளைவு. கடையின் பச்சை போர்டில் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது, கம்பி ஜன்னலுக்கு முன்னால் சனிக்கிழமைக் கூட்டம். பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியில் ஆம்லெட் போடும் சத்தம். மூன்று நாள் காட்டில் இருந்துவிட்டு வந்தவளுக்கு அந்த வாடை பளீரென்று அடித்தது. எனக்கே இப்படி என்றால். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். தள்ளுவண்டியைத் தாண்டினேன். பஞ்சர் கடையைத் தாண்டினேன். பரோட்டாக் கடை வாசலில் மற்ற மூன்று பேரும் பையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் நின்றுதான் திரும்பினேன்.

பின்னால் அண்ணன் இல்லை.

கடை வாசல் கூட்டத்தில் அவன் சட்டையைத் தேடினேன். நீலச் சட்டை ஒன்று இருந்தது, அது வேறு யாரோ. ஜன்னலுக்குள் கை நீட்டிக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். சரி, முடிந்தது, அண்ணிக்கு என்ன சொல்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

“அதோ கேப்டன்” என்றாள் அந்தப் பெண். “அங்க நின்னுட்டு என்ன பண்றார்?”

அவன் கடைக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தான். தடம் முடிகிற இடத்தில், ஓரத்து மேட்டின்மேல். ஊன்றிக்கொண்டு வந்த மூங்கில் கழியின் நுனியில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டைக் கட்டி, ரெண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். கடை வெளிச்சத்தில் அது நன்றாகத் தெரிந்தது.

“துண்டு காயப்போடறாரா?” என்று லீடர் கேட்டார். மற்ற ரெண்டு பேரும் சிரித்தார்கள். நான் பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். மூன்று நாளில் அவ்வளவு வேகமாக நான் எங்கேயும் நடக்கவில்லை.

கிட்டே போனபோது அவன் என்னைப் பார்க்கவில்லை. கடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் வியர்வை.

“எத்தினி நேரம் தூக்கிகினு நிக்கிறது, திரும்பிப் பாக்க மாட்டியா?” என்றான். அப்புறம் மெதுவாக, “இஞ்சின் நின்னுப்போச்சு பாப்பா. கட்டி இஸ்துகினு போ.”

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அழுதுகொண்டே கழியிலிருந்து துண்டை அவிழ்த்தேன். ஒரு நுனியை அவன் கையில் சுற்றிக்கொண்டான், மறு நுனியை நான் சுற்றிக்கொண்டேன். கடை வாசலில் ஒருவன் “இன்னா அக்கா, ஆளைக் கட்டி இழுத்துட்டுப் போற?” என்று கேட்டான். ஊரே கேட்கட்டும் என்று இருந்தது. ஆம்லெட் வண்டி அருகில் ஒரு முறை துண்டு இறுகியது, அவன் நின்றுவிட்டான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இழுத்தேன். வந்தான். லாட்ஜ் படி ஏறும் வரைக்கும் ரெண்டு பேரும் நுனியை விடவில்லை.

தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஓனர் எனக்குப் போன் பண்ணினார். அண்ணனை நான்தான் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“மலையில எப்டி இருந்தான்?” என்று கேட்டார்.

குடிக்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். காற்றை வைத்து வழி தப்பவிட்டதையும் சொல்ல வேண்டுமோ என்று ஒரு குழப்பம். கடைசியில் வேறு ஒன்றுதான் வாயில் வந்தது.

“துணி காட்டினான்” என்றேன்.

போனில் அவருக்குப் பின்னால் யாரோ படகில் சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டது.

“அவனேவா?”

“அவனேதான்.”

“வரச் சொல்லு” என்றார்.